இரண்டு பாகை

அச்சாவ் போகும் எங்கள் படகின் பின்னால்
முன்பெல்லாம் கடற்காகம் வராது.
இப்போது பதினேழு வருகின்றன.
எண்ணிவிட்டேன்.
புகையில் பொரித்த மீன் வாசம்.

தல்காவே சந்தையில் கடை போட்டிருக்கும் எட்வீனா
ஊற்றிக் கொடுக்கும் எண்ணெய் அது.
மூன்று நாள் வெந்து கறுத்தது,
மாவுத் துணுக்கு மிதப்பது.
சாக்கில் வடித்தேன்,
கிழிந்த பருத்திச் சட்டையில் வடித்தேன்,
மீதியை என் பொறுமையில் வடித்தேன்.

ஜூலைக் குளிரில் தொட்டிக்குள்
தயிராய் உறைந்து கிடந்தது.
செப்புக் குழாயைச் சுருட்டி உள்ளே இறக்கி
எஞ்சினின் சூட்டுத் தண்ணீரை அதில் ஓடவிட்டேன்.
எண்பது பாகை சூடு ஏறினால்
அது டீசல் மாதிரி நடிக்கும்.
நடிக்கும், அவ்வளவுதான்.

சோம்பேறி எண்ணெய்.
தெளித்த பிறகும் பற்றலாமா என்று யோசிக்கிறது.
அதற்குள் பிஸ்டன் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடும்;
பாதி வெந்தது கரியாய் வெளியே வரும்.
யோசிக்க நேரம் கொடுப்போம் என்று
பம்பின் மூன்று போல்ட்டைத் தளர்த்தி
ஐந்து பாகை முன்னால் திருப்பினேன்.
(சூட்டுக்கும் பாகை, சுழற்சிக்கும் பாகை.
ஒரே சொல்லில் எனக்கு இரண்டு தலைவலி.)

புகை நின்றது.
ஏற்றத்துக்கு எதிரேகூட
மூச்சு வாங்காமல் போனது படகு.
படகுக்காரர் ரொசமேல்
வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாய் வாயில் பிடித்து
வெள்ளையாகவே எடுத்துக் காட்டினார்.
படகுத்துறையே கை தட்டியது.
நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் வால்டிவியாவிலிருந்து யாஸ்னா வந்தாள்,
பெட்டியோடு, கம்பியோடு,
மழையில் ஊறிய சப்பாத்தோடு.
கம்பியைக் குழாய்க்குள் விட்டாள்.
பெட்டி ஓர் எண் சொன்னது:
ஆயிரத்து நூற்று நாற்பது.

எது?

நைட்ரஜன் ஆக்ஸைடு என்றாள்.
முந்திக் கொளுத்தினால் உள்ளே சூடு எகிறும்;
அந்தச் சூட்டில், தன் பாட்டுக்குச் சும்மா போய்வரும்
காற்றின் நைட்ரஜன்கூடச் சண்டைக்கு இறங்கிவிடும்.
நிறமில்லை உனக்குத் தெரிய,
நெஞ்சுக்குத் தெரியும்.

"கண்ணுக்குத் தெரியாததை
யார் கேட்கப்போகிறார்கள்?"
இது ரொசமேல்.
பதில் சொல்லவில்லை நான்.
படகின் பின்பக்கம் பார்த்தேன்.
சால்மன் பண்ணையில் இரவு வேலை முடித்தவர்கள்
குழாய்க்குப் பக்கத்து இருக்கையில்தான்,
அங்கேதான் கதகதப்பு,
வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி ஸ்பானர்.
இரண்டு பாகை பின்னால்.
எண் எண்ணூற்றெழுபதுக்கு இறங்கியது.
புகை திரும்பி வந்தது,
கோபித்துப் போன உறவுக்காரர் மாதிரி,
கொஞ்சம் சாம்பல் நிறத்தில்.

ஒன்றை அழுத்தினால் மற்றொன்று எழும்புகிறது.
விரும்பிய இரண்டையும் ஒரே பம்பில் கேட்க முடியாது
என்று யாஸ்னா படுக்கப் போய்விட்டாள்.
நான் போகவில்லை.
ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி
வில்லுக்கு அடியில், நகத்தைவிட மெல்லிய
வளையம் ஒன்று செருகினேன்.
அழுத்தம் இருநூற்றிலிருந்து இருநூற்றிருபத்தைந்து.
சொட்டுச் சொட்டாய்த் துப்பிக்கொண்டிருந்தது
பனிமூட்டமாய் ஊதத் தொடங்கியது.

விடியும்போது புகை பாதி.
எண் கொஞ்சம்தான் ஏறியது, தொண்ணூறோ என்னவோ.
பயணத்துக்கு ஒரு லிட்டர் கூடுதல் செலவு.
அதை ரொசமேல் இன்றுவரை மறக்கவில்லை.

இப்போது கைக்குட்டையைப் பிடித்தால்
நூறு பெசோ நாணயம் அளவுக்குச் சாம்பல் வட்டம் விழும்.
அவர் அதை யாரிடமும் காட்டுவதில்லை.
மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.
துறையில் யாரும் கை தட்டவில்லை.
பின் இருக்கையில் இன்னும் தூங்குகிறார்கள்.
பதினேழும் வருகின்றன.

போல்ட்டுகளை இறுக்கி முடிக்கவில்லை,
எட்வீனாவின் மகன் வந்து சொல்கிறான்:
அடுத்த வாரத்திலிருந்து
அம்மா பன்றிக் கொழுப்புக்கு மாறுகிறாளாம்.